மலைப்பாதையில் மோட்டார் சைக்கிளை ஏற்றிச் செல்லல்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வரும் ஏ4 வீதியிலிருந்து, அப்புத்தளை, பண்டாரவளை நோக்கிச் செல்லும் ஏ16 வீதி பிரியும் இடம் பெரகல. ஏ4 வீதி இங்கிருந்து கொஸ்லந்தையையும் தியலும நீர்வீழ்ச்சியையும் கடந்து, வெல்லவாயாவின் வயல்வெளியை நோக்கி இறங்குகின்றது. மேலே போஞ்சியும் கோவாவும் பயிரிடுவோருக்கும், கீழே நெல் விளைவிப்போருக்கும் மோட்டார் சைக்கிள் இன்று இன்றியமையாத ஊர்தியாகும். அது பழுதுற்றால் சிறு லொறியில் ஏற்றியே கொண்டுசெல்ல வேண்டியுள்ளது.

சைக்கிளைப் பக்க ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு கயிற்றால் கட்டி, அதைப் பிடித்துக்கொள்ள ஒருவரைப் பின்னால் ஏற்றுவது பலரின் வழக்கம். இது உயிருக்கு ஆபத்தானது. சிறிய மோட்டார் சைக்கிளும் ஏறக்குறைய 110 கிலோ எடையுள்ளது. லொறி சடுதியாகப் பிரேக் பிடிக்கும்போது அது 50 கிலோவுக்கு மேற்பட்ட விசையுடன் முன்னே பாயக்கூடும். வளைவில் பக்கவாட்டில் சரியும். ஓடும் லொறியில் நிற்பவர் அதைத் தாங்க இயலாது. சைக்கிளுடன் அவரும் பள்ளத்தில் விழ நேரிடும். ஆகவே சைக்கிளைத் தாங்க வேண்டியது கட்டேயன்றி ஆள் அன்று.

ஏற்றுதல்

லொறியைச் சமநிலத்தில் நிறுத்திக் கைப்பிரேக் இட்டு, சில்லுகளுக்குக் கல் அணைக்க வேண்டும். தட்டின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு நீளமுள்ள வலிய பலகையைச் சாய்த்து, அதன் மேல்முனையை லொறியுடன் கட்டுதல் அவசியம். கட்டாத பலகை பின்சில்லு ஏறும் வேளையில் நழுவிவிடும். எஞ்சினை நிறுத்தி, இருவர் அல்லது மூவர் சேர்ந்து தள்ளி ஏற்றுக. ஓட்டி ஏற்றுதல் ஆகாது.

கட்டுதல்

முன்சில்லு லொறியின் முன்பலகையில் முட்டி நிற்க, இருபுறமும் கட்டை வைக்க வேண்டும். கியரை ஒன்றில் இட்டு, பெற்றோல் குழாயை மூடி, பக்க ஸ்டாண்டை மடக்கிவிடுக. நான்கு வார்கள் தேவை. முன்னிரண்டும், கைபிடித் தண்டு பொருந்தும் இடத்திலிருந்து முன்மூலைகளுக்குச் சாய்வாக இறங்க வேண்டும். முன் ஸ்பிரிங் ஏறக்குறையப் பாதியளவு அமுங்கும்வரை இவற்றை இறுக்குக. முழுதும் அமுக்கினால் எண்ணெய் சீல் கெடும். பின்னிரண்டும் இருக்கையின் கீழுள்ள சட்டத்திலிருந்து பின்மூலைகளுக்குச் செல்ல வேண்டும். சமிக்ஞை விளக்கிலோ புகைக்குழாயிலோ கட்டலாகாது. நைலோன் கயிறு மழையில் நனைந்தால் நெகிழும். இறுக்கும் பூட்டுள்ள வாரே சிறந்தது.

மரக்கறி மூடைகளின் மேல் சைக்கிளை வைத்தல் தகாது. மூடைகள் அமுங்க, கட்டுத் தளரும். கசியும் பெற்றோல் விளைபொருளையும் கெடுக்கும்.

இருசில்லு உழவு இயந்திரத்தின் பெட்டி

இப்பெட்டியில் சைக்கிளை ஏற்றிப் பெரகல இறக்கத்தில் செல்லுதல் கூடாது. சமநிலத்தில் இடப்பக்கக் கிளச்சை அழுத்தினால் இயந்திரம் இடப்புறம் திரும்பும். செங்குத்தான இறக்கத்திலோ பாரம் பின்னிருந்து தள்ளுவதால், விடுபட்ட இடச்சில்லு விரைந்தோடி, இயந்திரம் வலப்புறம் திரும்பிவிடும். வயலில் பழகிய கை இங்கு ஏமாறும்.

வழியில்

புறப்பட்டு ஐந்து கிலோமீற்றருக்குள் ஒருமுறை நிறுத்தி, வார்களை மீண்டும் இறுக்க வேண்டும். இறக்கத்தில் குறைந்த கியரிலேயே செல்லுக. இடைவிடாது பிரேக்கை மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பிழக்கும். பனிமூட்டத்தில் விளக்கைத் தாழ்த்தியே எரிக்க வேண்டும்.

இறக்கும்போது பின்வார்களை முதலிற் கழற்றி, ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்ட பின்னரே முன்வார்களை அவிழ்க்க வேண்டும்.

நான்கு வார்களும் ஒரு நல்ல பலகையும் பெரும் செலவன்று. அயலவர் சிலர் சேர்ந்து வாங்கிவைத்தால் அனைவருக்கும் பயன்படும். லொறியின் பின்னால் ஓர் உயிரை நிறுத்திவைக்கும் தேவையும் ஒழியும்.