பசித்த நெருப்பின் நிறங்கள்

மண்பாண்டத்தைச் சுட்டால், சூளை ஆறும்வரை அதில் கைவைக்கக் கூடாது என்பது குயவர்களின் பாலபாடம். ஜப்பானில் பிறந்த ராக்கு முறையில் அந்தப் பாடம் செல்லாது. ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸில், மேற்பூச்சு கண்ணாடியாக உருகிப் பளபளக்கும்போதே, செக்கச்செவேலென்ற கலத்தை நீண்ட இடுக்கியால் கவ்வி வெளியே எடுத்துவிடுகிறார்கள்.

சாதாரணக் கலம் இதில் வெடித்துவிடும். மண்ணிலுள்ள குவார்ட்ஸ் 573 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது சட்டெனச் சுருங்குவது ஒரு காரணம். வெளிப்புறம் ஆறியும் உட்புறம் தணலாகவும் இருப்பது இன்னொன்று. அதனால் ராக்கு மண்ணில் ஏற்கெனவே சுட்டு நொறுக்கிய மண்தூளைத் தாராளமாகக் கலக்கிறார்கள். கலம் சொரசொரப்பாக, நுண்துளைகளோடு அமைகிறது. ஓடத் தொடங்கும் விரிசல் அடுத்த துளையிலேயே நின்றுவிடுகிறது. அதே துளைகளால் தண்ணீர் கசிவதும் உண்டு.

16-ம் நூற்றாண்டில், கியோட்டோவில், தேநீர்ச் சடங்கின் ஆசான் சென் நோ ரிக்யூவுக்காகக் குயவர் சோஜிரோ சக்கரமின்றிக் கையாலேயே செய்த கிண்ணங்கள்தாம் இதன் தொடக்கம். அங்கே சுட்ட கலத்துக்குப் புகைபோடும் வழக்கமே இல்லை. காமோ ஆற்றுக் கல்லை அரைத்த இரும்புப் பூச்சுதான் கறுப்பைத் தருகிறது. கிண்ணம் வெறும் காற்றில் ஆறுகிறது. சோஜிரோவின் வழிவந்த ராக்கு குடும்பம் இன்றும் அப்படித்தான் செய்கிறது.

கண்காட்சிகளில் நாம் வியக்கும் வானவில் மினுக்கம் அமெரிக்கச் சரக்கு. 1960-ல் கலிபோர்னியாவில் மட்கலைஞர் பால் சோல்ட்னர், இன்னொரு மட்கலைஞரான பெர்னார்ட் லீச்சின் புத்தகத்தைப் படித்துவிட்டு ராக்கு சுட்டுப் பார்த்தார். விளைவு பிடிக்காமல், சூடு தணியாத கலத்தை உதிர்ந்த இலைகளில் உருட்டிப் புகையேற்றினார்.

இப்போது மரத்தூளும் செய்தித்தாளும் நிரப்பிய தகரப் பீப்பாயில் கலத்தை இறக்கி மூடுகிறார்கள். குப்பென்று பற்றும் தீ, உள்ளேயிருக்கும் ஆக்சிஜனைச் சில நொடிகளில் தீர்த்துவிடுகிறது. பசியடங்காத நெருப்பு அடுத்துப் பூச்சிலேயே கைவைக்கிறது: புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, செம்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக் கார்பன் டை ஆக்சைடாகிறது. பச்சையாக வரவேண்டிய பூச்சு செம்பாகவே மின்னுகிறது. மூடி இறுகாமல் காற்று புகுந்த பக்கத்தில் மட்டும் பச்சையோ நீலமோ தங்கும். பூச்சில்லாத மண் கரியேறிக் கறுக்கிறது. வெள்ளைப் பூச்சில் நடப்பது வேறு. குளிரும்போது அது மண்ணைவிட அதிகம் சுருங்கப் பார்த்து, குறுக்கும் நெடுக்குமாக வெடிக்கிறது. வெடிப்புகளில் கரி புகுந்து கோடுகளாகிறது.

செம்பு மினுக்கம் நிலைக்காது. ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்றின் ஆக்சிஜன் மெல்லத் திரும்பச் சேர்ந்து, அதை மங்கலாக்கும். விற்கும்போதே இதைச் சொல்லிவிடுகிற கலைஞரிடம் வாங்குவது நல்லது. அலமாரியில் வைக்கலாம், சோற்றுக்கும் குழம்புக்கும் வேண்டாம்.