புயல் பருவத்துக்கு முன் வீட்டுக் கூரை வடிகால்கள்: கவனிக்க வேண்டியவை என்ன?

இந்தியக் கடலோர மாநிலங்களை ஆண்டுக்கு இரு பருவங்களில் புயல்கள் அச்சுறுத்துகின்றன: ஏப்ரல் முதல் ஜூன் வரை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2019-இல் ஒடிசாவைத் தாக்கிய ஃபானி, 2020-இல் மேற்கு வங்கத்தைத் தாக்கிய ஆம்பன், 2021-இல் குஜராத்தில் கரையைக் கடந்த டவ்தே ஆகிய மூன்றும் மே மாதத்தில் வந்தவை. புயலுக்கு முன் கதவு, ஜன்னல்களைச் சரிபார்க்கும் பலர், கூரையில் விழும் நீர் வெளியேறும் வழியைக் கவனிப்பதில்லை.

எவ்வளவு நீர் சேரும்?

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் வகைப்பாட்டின்படி, 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. பதிவானால் அது கனமழை; 204.5 மி.மீ.க்கு எட்டினால் அதிகனமழை. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் கனமழையின்போது சுமார் 6,000 லிட்டரும், அதிகனமழையின்போது சுமார் 19,000 லிட்டரும் விழும்.

வடிகுழாய் அடைத்திருந்தால், கைப்பிடிச் சுவருக்குள் அந்த நீர் தேங்கிவிடும். 10 செ.மீ. உயரத்துக்குத் தேங்கினாலே கூரையின் மீது 9 டன்னுக்கும் அதிகமான சுமை ஏறும். விரிசல்கள் வழியே கசியும் நீர், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்யும்.

எப்படிச் சரிபார்ப்பது?

பருவம் தொடங்குவதற்கு இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன்பே சருகு, மண், பாசி ஆகியவற்றை அகற்ற வேண்டும். பின்னர் ஒரு வாளி நீரை ஊற்றிப் பார்க்க வேண்டும். நீர் திரும்பி மேலெழுந்தால், அடைப்பு குழாயினுள் உள்ளது. வழியிலேயே தேங்கினால், சரிவு போதவில்லை.

குழாய் வாயில் தட்டையான சல்லடையைவிடக் குமிழ் வடிவச் சல்லடை ஏற்றது. சருகுகள் படிந்தாலும் அதன் பக்கவாட்டுத் துளைகள் வழியே நீர் இறங்கும். ஓட்டு வீடுகளிலும் தகரக் கூரை வீடுகளிலும் வடிகாலைத் தாங்கும் கொக்கிகளை இறுக்குவது அவசியம். தளர்ந்த தகடு புயல் காற்றில் பறந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குழாயிலிருந்து வெளியேறும் நீர் அஸ்திவாரத்தின் அருகே தேங்காமல் விலகி ஓட வேண்டும்.

எதைத் தவிர்க்க வேண்டும்?

ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை வெளியான பின் கூரையில் ஏறக் கூடாது. மின்கம்பிகளுக்கு அருகே ஏணியைச் சாய்ப்பதும், ஈரக் கூரையில் தனியாக ஏறுவதும் உயிரைப் பறிக்கக்கூடியவை.

மழை ஓய்ந்த பின் வடிகாலை மீண்டும் பார்வையிடுவது நல்லது. அதில் தேங்கி நிற்கும் சிறிதளவு நீரே டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடப் போதுமானது.