எந்த இடத்துக்கு எந்த விளக்கு?

பொழுது பட்டதும் ஒரு வீட்டில் நாலைந்து வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. தாய் அடுப்படியில் இரவுச் சாப்பாடு ஆக்குகிறார். பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள். தகப்பன் மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வருகிறார். அம்மம்மா கிணற்றடிக்கோ மலசலகூடத்துக்கோ போக முற்றத்தில் இறங்குகிறார். இத்தனைக்கும் பல வீடுகளில் இருப்பது ஒரேயொரு விளக்கு. அதுவும் நடு அறையின் முகட்டில் தொங்குகிறது. அல்லது ஒரு போத்தல் விளக்கை ஆளுக்கு ஆள் கைமாற்றிக்கொள்கிறார்கள்.

இடம்பெயர்ந்த குடும்பங்களின் நிலைமை ஒரே மாதிரியானதல்ல. சிலர் மீள்குடியேறி, மின் இணைப்புள்ள கல்வீட்டில் இருக்கிறார்கள். சிலர் உறவினர் காணியில் கொட்டில் போட்டு, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு வயர் இழுத்திருக்கிறார்கள். இன்னும் சிலருக்கு மின்சாரமே இல்லை. இந்த மூன்று வகையினரையும் மனதில் வைத்தே எந்த இடத்துக்கு எந்த விளக்குப் பொருத்தம் என்பதை இங்கு ஆராய்கிறோம்.

வெளிச்சம் பற்றி நான்கு விடயங்கள்

முதலாவது: வாற்று என்பது வெளிச்சத்தின் அளவு அல்ல, விளக்கு எடுக்கும் மின்சாரத்தின் அளவு. வெளிச்சத்தை அளப்பது லூமன் என்ற அலகினால். மின்குமிழ்ப் பெட்டியில் இரண்டும் எழுதப்பட்டிருக்கும். பழைய 60 வாற்று இழைக் குமிழ் ஏறக்குறைய 700 லூமன் தரும். அதே வெளிச்சத்தை எல்.ஈ.டி குமிழ் 8 அல்லது 9 வாற்றில் தந்துவிடும். சாதாரண போத்தல் விளக்குத் தருவது சுமார் 10 லூமன்தான். ஆகவே ஒரு வாற்று எல்.ஈ.டி விளக்குக்கூடப் பல போத்தல் விளக்குகளுக்குச் சமம்.

இரண்டாவது: தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் அரைவாசியாகக் குறைவதில்லை, நாலில் ஒன்றாகக் குறைகிறது. எட்டடி உயரத்தில் தொங்கும் விளக்கை நாலடிக்கு இறக்கினால், நேர் கீழே உள்ள புத்தகத்தில் நான்கு மடங்கு வெளிச்சம் விழும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. கொஞ்ச வயர் இருந்தால் போதும்.

மூன்றாவது: சுவரும் வெளிச்சம் தரும். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த சுவர் தன்மேல் படும் ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். புகை பிடித்த சுவரும் கிடுகும் அதை விழுங்கிவிடும். பெரிய குமிழ் வாங்குமுன் சுண்ணாம்பு அடித்துப் பாருங்கள்.

நான்காவது: கண்ணில் நேரே படும் வெளிச்சம் பார்வைக்கு உதவாது. விளக்கைப் பார்த்தால் கண் கூசும், வேலை தெரியாது. விளக்கு கண்ணுக்கு மறைந்தும், வேலை செய்யும் இடம் வெளிச்சமாயும் இருக்க வேண்டும்.

இடம் இடமாகப் பார்ப்போம்

குசினி: விளக்குச் சமைப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அவருடைய நிழலே பானைக்குள் விழும். அரிசியில் கல் இருக்கிறதா, கறி அடிப்பிடிக்கிறதா என்று தெரியாது. முன்புறமோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம். ஆவியும் புகையும் படிந்து ஒளி மங்கும், ஹோல்டரும் பழுதாகும். ஏழு அல்லது ஒன்பது வாற்று வெள்ளைக் குமிழ் போதும். கிழமைக்கு ஒருமுறை, சுவிச்சை நிறுத்திக் குமிழ் ஆறியபின், உலர்ந்த துணியால் கரியைத் துடைத்துவிடுங்கள்.

படிக்கும் இடம்: வீட்டில் மிக நல்ல வெளிச்சம் பிள்ளையின் கொப்பிக்கு விழட்டும். மேசைக்கு இரண்டு அல்லது இரண்டரை அடி மேலே ஐந்து வாற்று எல்.ஈ.டி குமிழ் ஒன்றைத் தொங்கவிட்டால் தாராளம். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வரட்டும். இடக்கையால் எழுதும் பிள்ளைக்கு மறுபக்கத்திலிருந்து. அப்போதுதான் கை நிழல் எழுத்தில் விழாது. வெள்ளை மட்டையில் கூம்பு செய்து, குமிழில் முட்டாமல், மேலே காற்றுப் போக இடைவெளி விட்டுக் கட்டினால் கண் கூசாது. மட்டைக் கூம்பு எல்.ஈ.டி குமிழுக்கு மட்டுமே. இழைக் குமிழுக்கோ மண்ணெண்ணெய் விளக்குக்கோ அதைப் போட்டால் தீப்பிடிக்கும்.

1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அரிதானபோது, ஜாம் போத்தலுக்குள் துளி எண்ணெயும் திரியும் இட்டு எரித்த விளக்கில் ஒரு தலைமுறை படித்தது. அந்த உறுதியை நாம் மெச்சுகிறோம். ஆனால் அந்தக் கண் வருத்தத்தை இன்றைய பிள்ளைகளுக்கும் கொடுக்கத் தேவையில்லை.

படுக்கும் இடம்: இங்கு மஞ்சள் நிறமான ஒரு வாற்றுச் சிறு விளக்குப் போதும். நிலத்தில் பாய் போட்டுப் படுப்பவர்கள் தலைமாட்டில் ஒரு ரோச் லைற் வைத்துக்கொள்வது அவசியம். எட்டடி விரியன் இரவில் வீட்டுக்குள் வந்து நித்திரையில் இருப்பவரைக் கடிக்கும் பாம்பு. பாயை உதறி, மூலைகளை வெளிச்சத்தில் பார்த்துப் படுங்கள். நுளம்பு வலையின் ஓரத்தைப் பாயின் கீழ் நன்றாகச் செருகுங்கள். வலைக்கு அருகில் எரியும் விளக்கோ மெழுகுதிரியோ ஒருபோதும் வேண்டாம்.

விறாந்தையும் முற்றமும்: பளிச்சென்ற நீல வெள்ளை விளக்குப் பூச்சிகளை அதிகம் இழுக்கும். பூச்சியைத் தேடித் தவளையும் பல்லியும் வரும். அவற்றைத் தேடிப் பாம்பு வரும். ஆகையால் வெளியில் மஞ்சள் நிறக் குமிழைப் போடுங்கள். பெட்டியில் 2700 அல்லது 3000 என்று எழுத்து 'கே' உடன் குறித்திருந்தால் அது மஞ்சள். 6500 என்றால் நீல வெள்ளை. விளக்கை வாசல் நிலைக்கு நேர் மேலே வைக்காமல், சற்றுத் தள்ளி வைத்து வாசலை நோக்கித் திருப்பினால் பூச்சிகள் வீட்டுக்குள் வருவது குறையும். மழைத் தூவானம் படும் இடத்தில் அதற்கென்று செய்த மூடிய ஹோல்டரையே பயன்படுத்த வேண்டும்.

கிணற்றடியும் மலசலகூடமும்: பெரும்பாலான வீடுகளில் மறக்கப்படும் இடம் இதுதான். இரவில் அதிகம் அல்லற்படுபவர்கள் பெண்களும் முதியவர்களும். இருட்டுக்குப் பயந்து பின்னேரத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். இது உடலுக்குக் கேடு. மலசலகூடத்துக்குள் ஒரு சிறு விளக்கு, போகும் பாதையில் ஒரு விளக்கு, இவை ஆடம்பரம் அல்ல. பல குடும்பங்கள் ஒரே மலசலகூடத்தைப் பாவிக்கும் இடங்களில், விளக்கு எங்கே வேண்டும் என்று பெண்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். ஈரக் கையால் சுவிச்சைத் தொடாதபடி அதை வீட்டுக்குள்ளேயே வைப்பது நல்லது. பகலில் வெயிலில் ஏறி இரவில் தானே எரியும் சிறு சோலர் விளக்கு இந்த இடத்துக்கு மிகப் பொருத்தம், வயர் வேண்டியதில்லை.

மாட்டுக்கொட்டிலும் களஞ்சியமும்: வைக்கோல், சாக்கு, உமி உள்ள இடத்துக்குள் சுவாலை உள்ள எந்த விளக்கும் போகக்கூடாது. நெற்றியில் கட்டும் ரோச் லைற் இதற்குத் தக்கது. இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். கன்று ஈனும் இரவில் இதன் அருமை தெரியும்.

மண்ணெண்ணெய் விளக்கு எரியும் வீடுகளில்

2022 ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே தடவையில் ஏறியது. ஏழைகளின் விளக்கு என்று சொல்லப்பட்டதே ஏழைக்கு எட்டாததாயிற்று. எனினும் மின்தடையின்போதும், மின்சாரம் இல்லாத கொட்டில்களிலும் அது எரிகிறது. அதன் பெரிய ஆபத்துத் தீக்காயம்.

வெறும் சோடாப் போத்தலிலோ மருந்துக் குப்பியிலோ திரி போட்ட விளக்கு உயரமானது, பாரமற்றது. கை பட்டால் விழும், உருளும், எண்ணெய் கொட்டும். இவ்வாறு எரிகாயம் பட்டு வந்தவர்களைக் கண்ட சத்திரசிகிச்சை நிபுணர் டாக்டர் விஜய கொடகும்புர 1990களின் தொடக்கத்தில் 'சுதீப' என்ற பாதுகாப்பான விளக்கை உருவாக்கினார். 1998இல் அதற்காக ரோலெக்ஸ் விருது பெற்றார். அதன் இரகசியம் எளிமையானது: குட்டையான, பாரமான, தடித்த கண்ணாடி, உருளாமல் இருக்க இரண்டு தட்டையான பக்கங்கள், திருகிப் பூட்டும் உலோக மூடி. மாமைற் போத்தலின் வடிவமே அவருக்கு வழிகாட்டியது. அத்தகைய விளக்குக் கிடைக்காவிட்டாலும், குட்டையும் பாரமும் திருகுமூடியும் உள்ள போத்தலையே தெரிவு செய்யுங்கள். சிமிலி உள்ள அரிக்கன் லாம்பு அதைவிடவும் நல்லது.

மேலும் சில விதிகள்:

• எரியும்போதும் சூடாக இருக்கும்போதும் எண்ணெய் ஊற்றக்கூடாது. பெற்றோலைக் கலக்கவே கூடாது.

• விளக்கை நிலத்தில் வைக்காமல், பிள்ளைக்கு எட்டாத உறுதியான தட்டில் வையுங்கள். கிடுகுக் கூரைக்கும் ஓலை மறைப்புக்கும் அருகே வேண்டாம்.

• விளக்கு விழுந்து தீப்பற்றினால் மணலைக் கொட்டுங்கள் அல்லது நனைத்த சாக்கால் மூடுங்கள்.

• உடலில் சுட்டால் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். பற்பசை, எண்ணெய், மை எதுவும் பூச வேண்டாம். பின்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

• மண்ணெண்ணெயைக் குடிபானப் போத்தலில் வைக்காதீர்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யக்கூடாது. எண்ணெய் சுவாசப்பைக்குள் போனால் உயிராபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

மின்சாரம் உள்ள வீட்டில்

ஒரு கணக்குப் பார்ப்போம். 60 வாற்று இழைக் குமிழ் நாளுக்கு 5 மணி நேரம் எரிந்தால், 30 நாளில் 9 அலகு. 9 வாற்று எல்.ஈ.டி அதே நேரம் எரிந்தால் 1.35 அலகு. நான்கு விளக்குகளை மாற்றினால் மாதம் 30 அலகுக்கு மேல் மிச்சம். பாவனை கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் கூடுவதால், மிச்சம் இன்னும் பெரிது.

எங்கள் நாட்டு மின்சாரம் 230 வோல்ற். அது உயிரை எடுக்கும். வீட்டு வயரிங்கைத் தகுதியான மின்னியலாளரிடமே கொடுங்கள். ட்ரிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்ற வேண்டும். பக்கத்து வீட்டிலிருந்து வயர் எடுத்திருப்பவர்கள் அதை முற்றத்து மண்ணில் கிடத்தாதீர்கள். மழை ஈரத்தில், மண்வெட்டி வெட்டில், மாட்டுக் குளம்பில் அது அறும். வேலிக் கம்பியோடும் கட்ட வேண்டாம்.

சூரிய ஒளியில்

மின்சாரம் இல்லாத குடும்பத்துக்கு இன்று இதுவே நல்ல வழி. 3 வாற்று விளக்கு மூன்று, ஒவ்வொன்றும் 4 மணி நேரம்: 36 வாற்று மணி. 12 வோல்ற், 7 அம்பியர் மணிப் பற்றறியில் 84 வாற்று மணி உண்டு. ஈயப் பற்றறியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும்; ஆகவே 42 வரை எடுக்கலாம். எமது தேவைக்கு அது போதும். 20 வாற்றுச் சோலர்த் தட்டு நல்ல வெயில் நாளில் அதை நிரப்பிவிடும். இடையில் ஒரு கட்டுப்படுத்தி பூட்ட வேண்டும்.

தட்டைத் தெற்கு நோக்கி, மழைநீர் வழியும் அளவுக்குச் சற்றுச் சாய்த்து வையுங்கள். ஒரு பனையோலையின் நிழல் விழுந்தாலும் மின் உற்பத்தி பெரிதும் குறையும். மாரியில் முகில் மூடிய நாட்களில் மூன்று விளக்கையும் எரிக்க முடியாது. பிள்ளையின் விளக்கை மட்டும் எரியுங்கள். 12 வோல்றில் மெல்லிய நீள வயர் மின்சாரத்தைத் தின்றுவிடும். வயர் தடிப்பாயும் குறுகியதாயும் இருக்கட்டும். பழுதான ஈயப் பற்றறியைக் கிணற்றடியில் எறியாதீர்கள், ஈயம் நஞ்சு. கடையில் திருப்பிக் கொடுங்கள்.

எதை முதலில் வாங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க எவராலும் முடியாது. நாம் சொல்லும் ஒழுங்கு இது: முதலில் ஒரு நல்ல ரோச் லைற். அது பாம்புக்கும் அவசரத்துக்கும். இரண்டாவது, பிள்ளை படிக்கும் விளக்கு. மூன்றாவது, மலசலகூடப் பாதை. நான்காவது, குசினி. விறாந்தை கடைசியில்.

சொந்தமில்லாத காணியில் இருப்பவர்களுக்கு இன்னுமொன்று. சுவருக்குள் புதைக்கும் வயருக்கும் அலங்கார விளக்குக்கும் பணம் போடாதீர்கள். கழற்றி எடுத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போகக்கூடிய சோலர்த் தட்டு, பற்றறி, தொங்கும் ஹோல்டர் ஆகியவற்றுக்கே செலவிடுங்கள். சொந்த மண்ணுக்குத் திரும்பும் நாளில் அவையும் உங்களோடு வரும். முதல் இரவே அங்கு விளக்கு எரியும்.

இன்று மாலை குடும்பமாக இருந்து, இருட்டியபின் யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று ஒரு கடதாசியில் எழுதுங்கள். யாருக்கு வெளிச்சம் இல்லை என்பது உங்களுக்கே தெரியவரும். அங்கிருந்து தொடங்குங்கள்.