பதினோரு ஊர், பத்து ராத்திரி, ஒரு மனைவி!

என் கையில் ஸ்கெட்ச் பேனா கிடைக்கக் கூடாது, சார். கிடைத்தால் ஏதாவது ஒரு மேப்பை எடுத்து வட்டம் போட ஆரம்பித்துவிடுவேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி வட்டம் போட்டது டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், ஜோத்பூர், உதய்ப்பூர். மொத்தம் ஆறு நாள். ஜோத்பூர் கோட்டையை நாங்கள் பார்த்தோமா இல்லையா என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. பார்த்தோம் என்பதற்கு என்னிடம் போட்டோ ஆதாரம் இருக்கிறது. "ஓடற கார் ஜன்னல் வழியா எடுத்த போட்டோ" என்பது எதிர்க்கட்சி வாதம். திரும்பி வரும்போது ரயிலில் அவள் பேசவே இல்லை. விஜயவாடா தாண்டியதும் ஒரே ஒரு வாக்கியம்தான் வந்தது.

"இனிமே உங்களோட டூர் வரதா இல்லை."

சொன்னதைச் செய்பவள். ஒரு வங்கியின் ஆடிட் பிரிவில் வேலை. எட்டு வருஷமாக அதிகபட்சம் திருப்பதி, அதுவும் அவள் போட்ட திட்டப்படி.

இந்த நிலையில்தான் போன டிசம்பரில் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட் முதிர்ந்தது. என் பங்கு கொஞ்சம், அவள் பங்கு நிறைய. இரவு சாப்பாட்டின்போது, ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், அவளாகவே சொன்னாள். "மே மாசம் எட்டு நாள் லீவு கிடைக்கும். ஐரோப்பா போலாமா?"

எனக்குப் புரை ஏறியது. இது மறு தேர்வு. அரியர்ஸ் எழுதிப் பழகிய பி.காம். மாணவனுக்கு இதன் அருமை தெரியும்.

முதலில் ஒரு டிராவல் ஏஜென்ட்டிடம் போனேன். "ஒன்பது நாள், ஏழு நாடு சார்!" என்று வழவழப்பான காகிதத்தை நீட்டினார். எண்ணிப் பார்த்தேன், ஆறுதான் வந்தது. "லீக்டன்ஸ்டைனை விட்டுட்டீங்க சார். அதுவும் தனி நாடுதான். ஒரு மணி நேரம் பஸ்ஸை நிறுத்துவோம்" என்றார். ஒரு நாட்டையே டீ குடிக்க நிறுத்துகிற இடமாக மாற்றிய மேதைமையை மனசுக்குள் பாராட்டிவிட்டு வெளியே வந்தேன். நானே போட்டால் இதைவிட நன்றாகப் போட மாட்டேனா?

போட்டேன். நடு ஐரோப்பாவை எடுத்துக்கொண்டேன். காரணம், அங்கே நாடுகள் எல்லாம் நம்ம மாவட்டங்கள் மாதிரி நெருக்கமாக இருக்கின்றன. க்ராக்கோவில் ஆரம்பம். அப்புறம் பிராக், செஸ்கி க்ரும்லோவ், ஸால்ஸ்பர்க், ஹால்ஸ்டாட், வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், ஸாக்ரெப், லூப்லியானா, வெனிஸ். பதினோரு ஊர், எட்டு நாடு, பத்து ராத்திரி. ஏஜென்ட்டையே ஒரு நாடு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தேன். கலர் கலராக அட்டவணை போட்டு, பிரின்ட் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை காபியோடு அவள் முன்னால் வைத்தேன்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். அது ஆடிட் கண்ணாடி.

"இதுல நாம எங்க சாப்பிடறோம்?"

"டிரெய்ன்ல."

"எங்க தூங்கறோம்?"

"அதுவும்... பெரும்பாலும் டிரெய்ன்லதான்."

பென்சிலை எடுத்தாள். "ஓட்டல்ல பதினோரு மணிக்கு ரூமைக் காலி பண்ணணும். அடுத்த ஊர்ல ரெண்டு, மூணு மணிக்கு முன்னால ரூம் தர மாட்டான். நடுவுல பெட்டியத் தூக்கிட்டு ஸ்டேஷன், டிரெய்ன், மறுபடியும் ஸ்டேஷன். ஒரு தடவை ஊர் மாறினா அரை நாள் போச்சு. பதினோரு ஊருக்குப் பத்து தடவை மாறணும். பத்து அரை நாள் எவ்வளவு?"

"அஞ்சு நாள்."

"பாதி டூர் பெட்டி தூக்கறதுலயே போகுது. இதுக்கு நீங்க கணக்குல என்ன எழுதியிருக்கீங்க?"

ஒன்றும் எழுதவில்லை. தேய்மானம் மாதிரிதான் இதுவும். கையிலிருந்து காசு போகாது, ஆனால் லாபத்தில் குறையும். மூன்று வருஷம் காமர்ஸ் படித்தவனுக்கு இது தோன்றவில்லை.

அதைவிடப் பெரிய அடி அப்புறம்தான் விழுந்தது. வியன்னா பக்கத்தில் விரலை வைத்தாள். 'திங்கள், 2.10 - 2.50, ஓவிய மியூசியம்' என்று பச்சை மையில் எழுதியிருந்தேன்.

"மே மாசம் திங்கக்கிழமை அந்த மியூசியம் லீவு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

பதில் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தாள். அட்டையின் உள்பக்கம் ஒரு காலண்டர் படம் ஒட்டியிருந்தது. பனி மூடிய ஒரு மேடு. நாய்களோடு களைத்துத் திரும்பும் மூன்று வேட்டைக்காரர்கள். கீழே தூரத்தில் உறைந்த குளத்தில் எறும்பு மாதிரி மனிதர்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். பீட்டர் ப்ரூகெல் என்ற ஓவியர் 1565-ல் வரைந்தது. வியன்னாவின் கலை வரலாற்று மியூசியத்தில் இருக்கிறது. அவர் வரைந்தவற்றில் ஒரே இடத்தில் அதிகமாக இருப்பதும் அங்கேதான்.

"ஏழாவது படிக்கும்போது டிராயிங் கிளாஸ் போனேன். ப்ளஸ் ஒன்ல நிறுத்திட்டாங்க. அந்த வாத்தியார் வீட்டுக் காலண்டர் இது" என்றாள். "நான் இதுக்காகத்தான் ஐரோப்பான்னு சொன்னேன். இது முன்னாடி கொஞ்ச நேரம் உட்காரணும். அவ்வளவுதான்."

கல்யாணமாகிப் பத்து வருஷம். அந்த நோட்டை நான் பார்த்ததே இல்லை. அவளுடைய பத்து வருஷத்து ஆசைக்கு நான் ஒதுக்கியிருந்தது நாற்பது நிமிஷம். அதுவும் பூட்டிய கதவுக்கு முன்னால்!

அட்டவணையைக் கிழித்தேன்.

இரண்டாவது தடவை வியன்னாவின் வியாழக்கிழமையை முதலில் எழுதிவிட்டு மற்றதை அதைச் சுற்றிக் கட்டினேன். வியாழன்று அந்த மியூசியம் இரவு ஒன்பது மணி வரை. க்ராக்கோவ் போச்சு, வெனிஸ் போச்சு. ஹால்ஸ்டாட் போனபோது மட்டும் எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. மிச்சம் நின்றது மூன்று ஊர். பிராக்கில் நாலு ராத்திரி, வியன்னாவில் மூன்று, புடாபெஸ்ட்டில் மூன்று. பிராக்கிலிருந்து வியன்னா ரயிலில் நாலு மணி நேரம், நம்ம சென்னை - பெங்களூரு மாதிரி. வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் மூன்று மணிக்கும் குறைவு. ஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராட்டிஸ்லாவா, வியன்னாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். காலையில் காஞ்சிபுரம் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு சாயங்காலம் வீடு திரும்புகிற மாதிரி போய் வரலாம். பெட்டி வியன்னா ரூமிலேயே இருக்கும். ஆக எனக்கும் நாலு நாடு கணக்கு வந்துவிட்டது. (ஸ்லோவாக்கியா வேறு, ஸ்லோவேனியா வேறு. டிக்கெட் வாங்கும்போது நிதானம் தேவை.)

விமானத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. போகவும் வரவும் ஒரே ஊருக்கு டிக்கெட் வாங்கினால், கடைசி நாளில் புடாபெஸ்ட்டிலிருந்து பிராக்குக்கு ஏழு மணி நேரம் ரயிலில் திரும்ப வேண்டும். அதற்குப் பதில் 'மல்டி சிட்டி' என்ற பொத்தானை அழுத்தி, இறங்குவது பிராக், ஏறுவது புடாபெஸ்ட் என்று போட்டால் ஒரு நாள் மிச்சம். பல சமயம் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. சென்னையிலிருந்து இரண்டுக்கும் நேர் விமானம் கிடையாது. நடுவில் எங்காவது இறங்கி மாற வேண்டும்.

அடுத்தது விசா. இந்த நாலு நாட்டுக்கும் ஒரே விசா, ஷெங்கன். பெயர் வந்தது லக்ஸம்பர்க்கில் ஒரு சின்ன கிராமத்திலிருந்து. 1985-ல் ஐந்து நாட்டுக்காரர்கள் அங்கே ஆற்றில் ஒரு கப்பலில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். இன்று அந்த வளையத்தில் 29 நாடுகள். எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்றால், எங்கே அதிக நாள் தங்குகிறோமோ அங்கே. எல்லாம் சமமாக இருந்தால் முதலில் கால் வைக்கும் நாட்டில். எங்களுக்கு இரண்டு வழியிலும் செக் குடியரசுதான். பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ, மறுத்துவிட்டாலும் திரும்பி வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் வேண்டும். ஆறு மாதம் முன்னாலேயே விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்கும் குறைவாக இருந்தால் முடியாது.

இங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவளுக்குச் சம்பளச் சீட்டு, லீவு சாங்ஷன், ஆபீஸ் கடிதம் எல்லாம் கச்சிதம். நான்? பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன். எனக்கு யார் லீவு கொடுப்பது? எனக்கு நானேதான் கொடுத்துக்கொள்ள வேண்டும். போன மனிதன் திரும்பி வருவான் என்று தூதரகம் நம்ப வேண்டும். என் பாங்க் கணக்கைப் பார்த்தால் நானே நம்ப மாட்டேன்.

நண்பன் ஒருவன் யோசனை சொன்னான். "மூணு லட்சம் உன் அக்கவுன்ட்ல போடறேன். விசா வந்ததும் திருப்பிக் கொடு." பி.காம்.மில் இதற்கு 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று பெயர். பரீட்சையில் பத்து மார்க் கேள்வி. ஆசையாக வீட்டில் சொன்னேன்.

"ஆறு மாசமா ஊர்ந்துட்டிருந்த கணக்குல திடீர்னு மூணு லட்சம் குதிச்சா, முதல்ல கேள்வி கேக்கறது நானாத்தான் இருப்பேன். அவங்க கேக்க மாட்டாங்களா?" என்றாள். மூன்று வருஷத்து வருமான வரி ரிட்டர்ன், எழுதி வாங்கிய பணத்துக்கான ரசீதுகள், ஓர் ஆசிரியர் தந்த கடிதம், டெபாசிட் ரசீது, நாள்வாரியாகத் திட்டம். இருப்பதை இருக்கிறபடி அடுக்கினோம்.

விரல் ரேகை கொடுத்துவிட்டு வரும் வழியில் கேட்டேன். "உனக்குக் கிடைச்சு எனக்குக் கிடைக்கலைன்னா?"

"போயிட்டு வந்து போட்டோ காட்டறேன்."

சாதாரணமாகப் பதினைந்து நாளில் முடிவு. தேவைப்பட்டால் 45 நாள் வரை இழுக்கலாம். அந்த நாட்களில் கூரியர் பையன் தெருவில் வந்தால் நான் பால்கனியில் நிற்பேன். நடுவில் அதே நண்பன் இன்னொரு யோசனையோடு வந்தான். "புடாபெஸ்ட் வரைக்கும் போறீங்க, பெல்கிரேட் பக்கத்துலதானே?" பக்கம்தான். ஆனால் செர்பியா ஷெங்கன் வளையத்துக்கு வெளியே. ஒரு தடவை மட்டும் நுழையும் விசாவில் வெளியே போனால், திரும்பி உள்ளே வர முடியாது. ஃப்ளைட்டோ புடாபெஸ்ட்டில் நிற்கும். நண்பனுக்குக் காபி கொடுத்து அனுப்பினேன்.

பத்தொன்பதாவது நாள் கூரியர் வந்தது. இரண்டு பாஸ்போர்ட். என்னுடையதை நான் பிரிக்கவில்லை, அவளிடம் கொடுத்தேன். பக்கத்தைப் புரட்டி, ஆடிட் கண்ணாடியோடு தேதியை இரண்டு தடவை சரிபார்த்து, "கிடைச்சிருக்கு" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. மேலே எழுதிய பெல்கிரேட் பாடம் வீண் போகவில்லை. ஒரு தடவை நுழையும் விசாதான்.

இப்போது வீட்டில் மூட்டை கட்டும் படலம். மாமியார் ஊரிலிருந்து வந்து இறங்கியிருக்கிறார். "மாப்பிள்ளை, நெய் ஒரு லிட்டர், பால்கோவா ஒரு கிலோ" என்று ஆரம்பித்தார். வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய யூனியனுக்குள் கொண்டுபோக அனுமதியில்லை என்று சொன்னேன். "அங்க மாடே இல்லையா?" என்றார். பருப்புப் பொடிக்கு ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

பணக் கணக்கு அவளுடையது. ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியாவில் யூரோ, செக்கில் கொருனா, ஹங்கேரியில் ஃபோரின்ட். கடையில் மெஷின் 'ரூபாயா, உள்ளூர்ப் பணமா?' என்று அன்பாகக் கேட்டால் உள்ளூர்ப் பணம்தான் சொல்ல வேண்டும். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததே விலை. பிராக்கில் தெருமுனைக் கடையில் நோட்டு மாற்றி ஏமாந்தால், ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் போய் ரத்து செய்யலாம் என்று 2019-லிருந்து சட்டமே இருக்கிறது. ரசீதை யார் வைத்துக்கொள்வது என்பது முடிவாகிவிட்டது. நான் இல்லை.

நேற்று ராத்திரி கடைசித் திட்டத்தை ஃபிரிட்ஜில் ஒட்டினேன். நின்றபடி படித்தாள். வியாழக்கிழமை கட்டத்தில் 'மாலை 3.00 முதல்' என்று மட்டும் இருந்தது.

"எப்ப வரைக்கும்னு போடலையே?"

"நீ எழுந்துக்கற வரைக்கும்."

"நீங்க அதுவரைக்கும் என்ன பண்ணுவீங்க?"

"எதிர்லயே இரட்டைப் பிள்ளை மாதிரி இன்னொரு மியூசியம் இருக்கு. இயற்கை வரலாறு. அதைப் பார்த்துட்டு, அப்படியே டிராம்ல ஏறி, மூணு..."

கையை நீட்டினாள். ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்துவிட்டேன்.