புள்ளியிலிருந்து பொருளுக்கு

பதினோராம் வகுப்பில் பொருள்நோக்கு நிரலாக்கத்தைத் தொடங்கும்போது நான் வரையறைகளைக் கரும்பலகையில் எழுதுவதில்லை. செயற்கைக்கோள் படம் ஒன்றைக் காட்டி, "இதில் சாலை எது, கூரை எது?" என்று கேட்கிறேன்.

கணினிக்கு அப்படம் வெறும் எண்களின் கட்டம். 1999இல் ஏவப்பட்ட ஐகோனோஸ் செயற்கைக்கோளின் படங்களில் ஒரு படப்புள்ளி சுமார் 1 மீட்டர். ஒரு பெரிய கூரையே நூற்றுக்கணக்கான புள்ளிகளாகும். சிமெண்ட் கூரைக்கும் சிமெண்ட் சாலைக்கும் ஒரே சாம்பல் நிறம். நிறத்தை மட்டும் பார்த்தால் பிரிக்க இயலாது. ஆகவே, அடுத்தடுத்துள்ள ஒத்த புள்ளிகளைச் சேர்த்து ஒரு பொருளாக்கி, அதன் பரப்பு, வடிவம், அண்டைப் பொருள்கள் ஆகியவற்றையும் கணக்கில் கொள்கிறார்கள். நீண்டு ஒடுங்கியிருப்பது சாலை; பக்கத்தில் நிழல் விழுந்திருப்பது கட்டடம்.

நிரலாக்கத்தில் 'பொருள்' என்பதன் பயன் வேறு. 1960களில் நார்வேயில் டால், நைகார்ட் இருவரும் உருவாக்கிய சிமுலா மொழி, தரவையும் அதன்மீதான செயல்களையும் ஒரே பொருளுக்குள் சேர்த்தது. ஆனால், சேர்ந்திருப்பவற்றை ஒன்றாகக் காண்பது இரண்டுக்கும் பொது. 'நிலப்பொருள்' என்ற இனக்குழுவில் பரப்பைக் கணக்கிடும் செயற்கூறு இருந்தால், சாலையும் கட்டடமும் அதை மரபுரிமமாகப் பெறும்.

கட்டத்தாளில் பள்ளி வளாகத்தை வரைந்து, பொருள்களைப் பிரித்து, பண்புகளைப் பட்டியலிடச் சொல்லுங்கள். வரையறையை மாணவர்களே சொல்வார்கள்.