சென்ட்ரல் டு சென்ட்ரல்!

சென்னை சென்ட்ரலில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் போடிநாயக்கனூர். 2010 கடைசியில் மீட்டர்கேஜ் ரயில் நின்றுபோய், பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் வெறும் ஸ்டேஷனைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர் இது. 2023 ஜூனில்தான் மறுபடி ரயில் வந்தது. (வாரம் மூணு நாள்தான். டிக்கெட் கிடைத்தால் நீங்கள் பாக்கியசாலி!) ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊராச்சே... கடைவீதியில் நடந்தாலே பாயச வாசனை!

போடியிலிருந்து குரங்கணி பதினாறு கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து மலைமேல் நடந்தால் இன்னொரு சென்ட்ரல் ஸ்டேஷன் வரும். ப்ளாட்பாரம் தேடாதீர்கள், அது ஒரு சின்ன மலைக் கிராமம். வெள்ளைக்காரர் காலத்தில் மூணாறு தேயிலையைப் பெட்டி பெட்டியாகக் கீழே இறக்க ரோப்வே போட்டார்கள். உச்சியில் டாப் ஸ்டேஷன், நடுவில் சென்ட்ரல், கொட்டகுடி அடிவாரத்தில் பாட்டம் ஸ்டேஷன். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஓடிய குட்டி ரயிலை 1924 வெள்ளம் வாரிக்கொண்டு போனது. பெயர்கள் மட்டும் மிச்சம்.

இந்தப் பாதையில் ஏலத் தோட்டத்து ஜனங்கள் தலையில் மூட்டையோடு ஏறி இறங்கியவர்கள். நாம் முதுகில் பை மாட்டி, காசு கொடுத்து ஏறுவதைப் பார்த்தால், "இதுக்கா மெட்ராஸ்லேர்ந்து வந்தீக?" என்று சிரிக்க மாட்டார்களா என்ன!

ஆனால் சிரிக்க முடியாத ஒரு ஞாயிற்றுக்கிழமை உண்டு. 2018 மார்ச் 11. சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து வந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்கள், முந்தின நாள் ஏறி கொழுக்குமலையில் ராத்தங்கிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் இளவயசு, பாதிக்கு மேல் பெண்கள். அவர்களுக்கு அனுமதி டாப் ஸ்டேஷன் பாதைக்குத்தான், இந்தப் பக்கத்துக்கு இல்லை என்றது வனத்துறை. மலைச்சரிவில், காய்ந்த ஆளுயரப் புல்லுக்குள் தீ சூழ்ந்துகொண்டது. ஹெலிகாப்டர்கள் வந்தன. ஊர்க்காரர்கள் இருட்டில் தோளில் தூக்கி இறக்கினார்கள். அப்படியும் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

மலைத் தீ சமவெளித் தீ மாதிரி இல்லை. சரிவில் கீழே எரிகிற ஜுவாலை, மேலே இருக்கிற புல்லை முதலிலேயே சூடேற்றி வைத்துவிடும். பகலில் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும். மேலே ஏறி ஓடுகிற மனுஷனுக்கு மூச்சு வாங்கும், தீக்கு வாங்காது. அதனால்தான் டெண்ட் வாசலில் சுள்ளி பொறுக்கி 'கேம்ப் ஃபயர்' போடுகிற சினிமா ஆசையெல்லாம் இங்கே வேண்டாம். பீடி, சிகரெட்டும் வேண்டாம்.

அந்த வருஷமே மலையேற்றத்துக்கு அரசு தனி விதிமுறை போட்டது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று நாற்பது பாதைகளைத் திறந்தார்கள். குரங்கணி - சாம்பலாறு அதில் ஒன்று. ஆன்லைனில் பணம் கட்டினால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். கூட்டம் பிரியாமல் அவர் பின்னாலேயே போங்கள். செல்ஃபிக்காகப் பாதையை விட்டு விலகினால் அவருக்குத்தான் தலைவலி.

மழை ஓய்ந்து பச்சை வாடாத டிசம்பர், ஜனவரி உத்தமம். 2025-ல் தீக்காலம் என்று பிப்ரவரி 15 முதல் இரண்டு மாசம் பாதைகளை மூடிவிட்டார்கள். உங்கள் லீவு அந்தச் சமயத்தில்தான் விழுகிறதா? பேசாமல் போடிமெட்டு பஸ்ஸில் ஏறுங்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவு... ஜன்னலோர சீட், கையில் ஒரு எலுமிச்சம்பழம் அவசியம்!