பொன்னிறக் காடையும் பொரிக்காத முட்டையும்

தெல்தோட்டையில் காடை முட்டை வைத்துக் குஞ்சு பொரிப்பவர்கள் முதலில் பயப்படுவது குளிருக்குத்தான். லூல்கந்துர மலைப்பக்கத்துப் பனியும் இடையில் நின்றுபோகும் கரண்டும் முட்டைகளைக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் சேவலும் பெட்டையும் இரண்டுமே பொன்னிறம் என்றால், இன்கியூபேட்டர் ஒரு நொடியும் நிற்காவிட்டாலும் கருக்கட்டிய முட்டைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று பொரிக்காது. குறை மெஷினில் இல்லை, சோடி சேர்த்ததில் இருக்கிறது.

நாம் வளர்ப்பது ஜப்பானியக் காடை. அதன் இயல்பு நிறம் கபிலம். பொன்னிறத்தைத் தருவது ஓர் ஆட்சியான பரம்பரையலகு. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒரு பிரதி வந்தாலே இறகு பொன்னாகிவிடும். இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தால் கரு ஆரம்ப நாட்களிலேயே இறந்துவிடும். அதனால் உயிரோடு திரியும் பொன்னிறக் காடை ஒவ்வொன்றும் உள்ளே ஒரு கபிலப் பிரதியையும் சுமக்கிறது.

கணக்கைப் பாருங்கள். பொன்னிறத்தோடு பொன்னிறம் சேர்த்துக் கருக்கட்டிய 100 முட்டை வைத்தால், சராசரியாக 50 பொன்னிறம், 25 கபிலம், 25 சாவு. பொன்னிறத்தோடு கபிலத்தைச் சேர்த்தால் 50 பொன்னிறம், 50 கபிலம். பொன்னிறக் குஞ்சு இரண்டிலும் ஒரே எண்ணிக்கைதான்! முதல் சோடியால் ஒரு பொன்னிறக் குஞ்சுகூட அதிகம் கிடைப்பதில்லை; 25 உயிர்தான் வீணாகிறது. காடை வளர்க்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இந்தப் புதிர் முதலில் அகப்பட்டது எலியில். 1905இல் பிரெஞ்சு விஞ்ஞானி லூசியன் கேனோ, மஞ்சள் எலிகளை எத்தனை தடவை இணைத்தாலும் கலப்பில்லாத மஞ்சள் வர்க்கம் அமையவில்லை என்று கண்டார். இரட்டைப் பிரதி பெற்ற கருக்கள் இறப்பதே காரணம் என்பது 1910இல் தெளிவானது. நூறாண்டு கழித்து, 2008இல் காடையின் டிஎன்ஏயை ஆராய்ந்தபோது அதே கதை அங்கேயும் இருந்தது. மஞ்சள் நிறமியைத் தூண்டும் பரம்பரையலகுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய துண்டு அறுந்து போயிருக்கிறது. அதனால் அந்த அலகு பக்கத்து அலகின் ஆணையில் ஓயாமல் வேலை செய்து இறகைப் பொன்னாக்குகிறது. அறுந்த துண்டோடு உயிருக்குத் தேவையான அலகும் போய்விட்டது. ஒரு நல்ல பிரதி மிஞ்சினால் பறவை பிழைக்கும், இரண்டும் போனால் பிழைக்காது. எலியிலும் பறவையிலும் தனித்தனியாக, ஏறத்தாழ ஒரே இடத்தில் இந்த முறிவு நடந்திருப்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

எல்லா நிறமும் இப்படி உயிர் வாங்குவதில்லை. செங்கபில நிறம் பின்னிடைவானது, இசட் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. சேவலுக்கு இசட் இரண்டு, பெட்டைக்கு ஒன்று. செங்கபிலச் சேவலை இயல்பான கபிலப் பெட்டையோடு சேர்த்தால் ஆண்குஞ்செல்லாம் கபிலம், பெண்குஞ்செல்லாம் செங்கபிலம். நெஞ்சுப் புள்ளிகளைப் பார்த்து ஆண் பெண் பிரிக்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. பொரித்த அன்றே தூவியின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

வெள்ளிநிறக் காடை விஷயத்தில் கவனம் வேண்டும். ஒரு பிரதி வெள்ளி நிறம் தரும். இரண்டு பிரதி உயிரைப் பறிக்காது, ஆனால் இறகு முழுக்க வெளுத்து விழித்திரையும் பழுதாகும். அதையும் கபிலத்தோடு சேர்ப்பதே நல்லது.